கூடப் போகாதவை

கஸ்தூரியார் வீதி, நகைக்கடைக்கு மேல் மாடி.
கணக்காய்வு அலுவலகம். ஏழு கணினி, எட்டுப் பேர்.
முந்தி வருபவருக்குக் காற்றாடிக்குக் கீழ் இருக்கை.
அதனால்தான் இரண்டு வருடத்துக்கு முன்
ஒவ்வொருவரின் திரையும்
அவரவர் பின்னால் நடந்து வரும்படி
கட்டிவைத்தேன்.
எந்த மேசையில் பெயரைத் தட்டினாலும்
சேர்வரில் இருந்து இறங்கி வரும்
அதே பூப்படம், அதே எழுத்துரு,
அதே பாதியில் விட்ட கோப்பு.

எனக்குக்கூடக் கொஞ்சம் பெருமை.

இன்று காலை ஜெசிந்தா போன் எடுத்தா.
"பெயரைத் தட்டிப்போட்டுக் கீழ போய்
பிளேன்ரீ குடிச்சிட்டு வந்தனான்.
இன்னும் 'வரவேற்கிறோம்' எண்டுதான் நிக்குது.
இவ்வளவு நேரம் ஆரும் ஆரையும் வரவேற்கிறேல்லை, தம்பி."

போய்ப் பார்த்தால்
அவவின் பெயருக்குக் கீழே பதினொரு ஜிபி.
தங்கச்சியின் கலியாண வீடியோ,
ஒரே வரிப் படிவம் பதினாலு தரம்,
எல்லாவற்றுக்கும் அடியில்
ஒன்பது வருட ஈமெயில் ஒரே கோப்பாக,
மழையில் நனைந்த சிமெந்து மூட்டை மாதிரி.

ஒரு கடிதம் வந்தாலும்
முழு மூட்டையும் மாறியதாகத்தான் கணக்கு.
காலையில் முழுசாக இறங்கும்,
பின்னேரம் முழுசாக ஏறும்.
ஏறி முடிய முன்னம்
ஐந்தே முக்கால் பருத்தித்துறை பஸ்சுக்காக
சுவிட்சை நிப்பாட்டிப்போட்டு ஓடுவா.
அடுத்த நாள் திரை சொல்லும்:
தற்காலிகமாக உள்ளே விடப்பட்டிருக்கிறீர்கள்,
இங்கே செய்வது எதுவும் மிஞ்சாது.

அதை வாசித்து ஒருவரும் அதிரவில்லை.
குகதாசன் மட்டும் துண்டில் எழுதிக்
குசினிக் கதவில் ஒட்டியிருந்தார்.

பெரிய டிஸ்க் ஒண்டு பூட்டு என்றார் முதலாளி.
டிஸ்க்கில்லைப் பிரச்சினை, சேர்.
எது கூடப் போகவேணும்,
எது இருந்த இடத்தில் இருக்கவேணும்,
அதை ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.

பின்னேரம் முழுக்க இருந்து பிரித்தோம்.
பூப்படம்? வரட்டும்.
கையொப்பம், முகவரிகள்? வரட்டும்.
கலியாணம் சேர்வரில் ஒரு மூலையில் கிடக்கட்டும்.
ஈமெயில்?
"வருசம் வருசமா உடைச்சு
இந்த மூண்டாம் மேசையிலயே இறக்கிறன்.
நீங்க வீட்டை போன பிறகு
ஒரு பிரதி சேர்வருக்குப் போகும்.
ஆனா மற்ற மேசைக்கு வராது."
"அப்ப காற்றாடி?"
"காற்றாடி, இல்லாட்டிக் கடிதம்."

கொஞ்சம் யோசித்தா.
"தொண்ணூற்றைஞ்சில அம்மா
தையல் மெசினின்ர தலையைக் கழட்டிச்
சைக்கிள்ல கட்டினவ. காலை விட்டிட்டா."
பிறகு?
"பிறகென்ன, கொடிகாமத்தில வேற கால் வாங்கினது.
உயரம் சரிவரேல்லை.
இண்டைக்கும் பலகைத்துண்டு வைச்சுத்தான் தைக்கிறா."
சொல்லிவிட்டு,
பதினாலாம் ஆண்டு என்னத்துக்கு, அழி என்றா.

அழிக்கவில்லை.
அழி என்பவர்கள் மூன்றாம் வாரம் கேட்பார்கள்.
தொழிலில் நான் படித்தது அவ்வளவுதான்.

எல்லாரும் போனபின்
சேர்வர் உறுமும் சாமான் அறையில்
இன்னொரு பெயரைக் கண்டேன்: நிர்மலகாந்தன்.
ஆள் நோர்வேக்குப் போய் நாலு வருடம்.
அவர் திரை மட்டும் ஆயத்தமாக நிற்கிறது,
ஆரோ பெயரைத் தட்டினால் இறங்கி வர.
கடவுச்சொல்கூடக் காலாவதியாகவில்லை.
பூட்டினேன்.
அழிப்பதற்கு முதலாளி கையெழுத்து வைக்கவேணும்.

அடுத்த நாள் நாற்பது விநாடியில் திறந்ததாம்.
அதை அவ சொல்லவில்லை, குகதாசன் சொன்னார்.
அவ எடுத்தது முறைப்பாடு சொல்ல:
"ஐகன் எல்லாம் அகரவரிசையில நிக்குது,
ஒண்டையும் கண்டுபிடிக்கேலாமல் கிடக்கு.
வந்து பார்."

பஸ்சில் நின்றபடி கேட்டேன், எந்த மேசையில இருக்கிறீங்க?

"காற்றாடிக்குக் கீழ."