விகிதக் கழிவு

நூறடி சாலையில் மூன்றாவது மாடி.
சித்த மருத்துவம் படித்தவள் நான்.
இங்கே நாடி பார்ப்பதில்லை, கோப்பு பார்க்கிறேன்.
திரையின் வலது மூலையில் ஒரு கடிகாரம்
அறுபதிலிருந்து கீழே இறங்கும்.
தாமதித்தால் கம்பெனிக்கு அபராதம்.
அவசரப்பட்டால் எனக்கு மெமோ.

இரவு ஒன்பது பத்து.
கலியபெருமாள், வயது ஐம்பத்து மூன்று,
தேவனாம்பட்டினம், ஐஸ் கம்பெனி மெக்கானிக்.
பித்தப்பையில் கல்.
அறுவை முடிந்து மூன்றாம் நாள்
வீட்டுக்குப் போகச் செருப்பு மாட்டிக்கொண்டு
பில்லுக்காக உட்கார்ந்திருக்கிறார்.

பாலிசியில் அறை வாடகை மூவாயிரம் வரை.
அவர் படுத்த அறை ஆறாயிரம்.
ஆகவே விகிதப்படி எல்லாம் பாதி:
சர்ஜன் பாதி, மயக்க மருந்து டாக்டர் பாதி,
தியேட்டர் பாதி, நர்ஸ் பாதி.
கல்லை மட்டும்
முழுசாக எடுத்திருக்கிறார்கள்.

மாத்திரைக்குக் கழிவில்லை என்கிறது சுற்றறிக்கை.
கையுறை, பஞ்சு, தலைக்குப் போட்ட தொப்பி,
வயிற்றில் முடி மழித்த கூலி
எதற்கும் காசில்லை என்கிறது
அதன் பின்னிணைப்பு.

ஆஸ்பத்திரி இன்சூரன்ஸ் டெஸ்க்கில் இளம்பாரி.
போனில் கேட்டேன்:
'பொது வார்டு நிரம்பியிருந்ததா?'
'நிரம்பித்தான் இருந்துச்சு மேடம்.
ஆனா லெட்டர் மட்டும் கேக்காதீங்க.
கட்டில் இல்லன்னு எழுதிக் கொடுத்தா
உங்க ஆளுங்களே பேனல்லேர்ந்து தூக்கிடுவாங்க.
ஏற்கனவே மூணு மாசப் பாக்கி நிக்குது.'
அப்புறம் சத்தத்தைத் தாழ்த்தி,
'செருப்ப கழட்டிட்டு
மறுபடி படுத்துட்டாரு மேடம்.'

முப்பத்தொன்று.

திங்கள்தோறும் மேனேஜரின் மெயில் வரும்:
நூறு ரூபாய் பிரீமியம் உள்ளே வந்தால்
நூற்றுப் பதினொன்று வெளியே போகிறது.
கெட்ட மனிதர் இல்லை அவர்.
'நாம கவுந்தா
அடுத்த கலியபெருமாளுக்கு யாரும்மா குடுப்பா?'
அதற்கும் பதில் இல்லை என்னிடம்.
பதினோரு ரூபாயைத் தேடித்தான்
நான் தொப்பியையும் பஞ்சையும் எண்ணுகிறேன்.
ஒழுகும் தோணியில்
எல்லார் கையிலும் ஒரு தம்ளர்.

கோப்பின் கடைசியில்
சாய்வாக ஸ்கேன் ஆன ஒரு தாள்.
கணக்கு நோட்டிலிருந்து கிழித்தது.

'ஐயா, கீழே கட்டில் இல்லை என்று
மேல் மாடிக்கு அனுப்பினார்கள்.
நாங்கள் கேட்டு வாங்கின ரூம் இல்லை.
ஏசியை ஒரு நாளும் போடவில்லை.
ஐஸ் கம்பெனியில் இருபது வருஷம் நின்றவருக்கு
குளிர் என்றாலே மூட்டு பிடித்துக்கொள்ளும்.
டிவி ரிமோட்டைக்கூட
கவர் பிரிக்காமல் கொடுத்துவிட்டோம்.
இப்படிக்கு, க. அஞ்சலாட்சி.'

ஐயா என்று எழுதியிருக்கிறாள்.
இந்தப் பக்கம் ஒரு பெண் இருப்பாள் என்று
தோன்றவில்லை போலும்.

திரையில் காரணப் பட்டியலைத் திறந்தேன்.
விபத்து இருந்தது. மகப்பேறு இருந்தது.
தீவிர சிகிச்சை இருந்தது.
'போடாத ஏசி' இல்லை.
பட்டியலின் அடியில் 'மற்றவை' இருந்தது.
அதை அழுத்தினால்
மேலதிகாரி பார்வைக்குப் போகும்,
என் பெயரும் கூடவே போகும்.
இந்த மாதம் ஏற்கனவே நாலு மற்றவை.

ஒன்பது.

அழுத்தினேன்.
தாளை நேராக்கி மறுபடி ஏற்றினேன்.
குறிப்பில் ஒரே வரி:
நோயாளி விரும்பி எடுத்த அறை அல்ல, இணைப்பு ஏழு காண்க.

கடிகாரம் நிற்கவில்லை.
அங்கேயும் யாரோ ஒருவர்
அதே மூலையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

கழுத்துப் பட்டையில் தொங்கிய
என் காப்பீட்டு அட்டையைத் திருப்பினேன்.
வேலைக்குச் சேர்ந்த நாளில் கொடுத்தது,
இதுவரை படித்ததில்லை.
பொடி எழுத்தில்
அறை வாடகை: இரண்டாயிரத்து ஐந்நூறு.

அடுத்த கோப்பு.
வில்லியனூர், கண்புரை, இடது கண்.
அறுபது.