பெறுநர் பெயர்

செவ்வாய்க்கிழமை, மாலை ஆறரை.
கார்விக் கவுண்டியின் பழைய நீதிமன்றம், நிலவறை.
வெந்நீர்க் குழாய் விடாமல் இருமும் அறை.
ஆய்வுக் குழு கூடுவது இது பதினான்காம் முறை.
குறிப்பெடுப்பவள் நான்.

ஒருவருக்கு மூன்று நிமிடம்.
பச்சை, மஞ்சள், சிவப்பு.
இருநூறு வருடத்தைச் சொல்ல வந்தவர்களும்
மஞ்சளைக் கண்டதும்
நன்றி சொல்லத் தொடங்கிவிடுகிறார்கள்.

முதலில் லூவெனியா டப்ஸ்.
கையில் காகிதம் இல்லை.
நெடுஞ்சாலை தின்றுவிட்ட தன் தெருவை
கிழக்கிலிருந்து மேற்காக, வீடு வீடாகச் சொன்னார்,
எந்த வீட்டில் பியானோ,
எந்த வீட்டில் கடிக்கிற நாய்.
பன்னிரண்டாம் வீட்டு வாசலில் சிவப்பு விழுந்தது.
மீதி வீடுகளை
இருக்கைக்குத் திரும்பும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போனார்.
நான் எழுதியது: "பேசினார்."

அடுத்து, தீவனக் கடைக்காரர்.
'எங்கள் ஆட்கள் யாரையும் வைத்திருந்ததில்லை,
வைத்துக்கொள்ள வக்கும் இருந்ததில்லை,
நான் ஏன் கட்ட வேண்டும்?'
குரலில் கோபத்தைவிட பயம்தான் கூட.
அதையும் எழுத முடியாது.

பிறகு ஹோஸியா பெட்டிஃபோர்ட்.
கூரை வேலை செய்பவர்,
வேலையிலிருந்து நேரே வந்திருந்தார்,
விரல் முட்டிகளில் தார்.
கவுண்டியின் பழைய பேரேட்டிலிருந்து
ஒரு பக்கத்தின் நகலை மேசைமேல் வைத்துப்
புறங்கையால் நீவினார்.

"நீதிமன்றக் கூரை வேய்ந்த வகையில்:
ஐசம் என்னும் ஆள், இருநூற்றுப் பதினொரு நாள்,
நாளுக்கு ஐம்பது சென்ட்.
ஆக நூற்றைந்து டாலர் ஐம்பது சென்ட்.
பெற்றுக்கொண்டவர்: ஜே. ராத்பன்."

கல்யாணத்துக்கு முன் என் பெயரும் ராத்பன்தான்.
எந்தப் பக்கத்து ராத்பன் என்று
இந்த ஊரில் முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள்.
நான் தலை நிமிரவில்லை.

'கவுண்டி கூலி தரவில்லை என்று நான் சொல்ல வரவில்லை.
தந்திருக்கிறது. ஆள் மாறித் தந்திருக்கிறது.
உங்கள் சம்பளம் பக்கத்து வீட்டுக்காரன் கணக்குக்குப் போனால்
ஆய்வுக் குழுவா போடுவீர்கள்?'

யாரோ சிரித்தார்கள். குழாய் இருமியது.
வட்டியை எப்படிக் கணக்கிடுவது என்று
பொருளாளர் மெல்ல ஆரம்பித்தார்.
'வட்டிக்கு அப்புறம் சண்டை போடலாம்.
முதலில் பெயரைத் திருத்துங்கள்.'

பச்சை அணையுமுன் உட்கார்ந்துவிட்டார்.
மிச்சமிருந்த நேரத்தை
யாரும் கேட்டு வாங்கவில்லை.

தீர்மானம்: ஆய்வை மேலும் ஒன்பது மாதம் நீட்டிப்பது.
ஆதரவு ஏழு, எதிர்ப்பு இரண்டு.
இன்னொரு வாய்தா.
நாற்காலிகள் மடங்கின, கார்கள் கிளம்பின.

மேல்தளத்தில், என் அலமாரியில்,
பெயர்த் திருத்தப் படிவம் ஒன்று உண்டு.
வரி ரசீதில் எழுத்துப் பிழை வந்தவர்களுக்கானது.
எடுத்து நிரப்பினேன்.
தவறான பெயர்: ராத்பன்.
சரியான பெயர்: ஐசம்.
குடும்பப் பெயர் கேட்ட கட்டத்தில் கோடு போட்டேன்.
முகவரியில் பேனா நின்றது.
வெளியே மழை பிடித்திருந்தது.
ஒரு சொட்டுகூட உள்ளே வரவில்லை.
'இதே கட்டடம், கூரை' என்று எழுதினேன்.

கட்டணம் பன்னிரண்டு டாலர்.
என் பையிலிருந்து எடுத்து வைத்து,
முத்திரை குத்தி,
ரசீது கிழித்தேன்.

என் பெயரில் அல்ல.