சம்பவ இடம்

ரைட்டர் என்றால் கதை எழுதுகிறவன் இல்லை,
ஸ்டேஷனில் எழுதுகிறவன்.
நேரம், தூரம், திசை.
உவமை எழுதினால் டி.எஸ்.பி. அடித்துவிடுவார்.

மணக்குடிக் காயலில்
கதம்பல் ஊறிக் கறுத்த நீரில்
முழங்கால் ஆழத்தில் மல்லாந்து கிடந்தான் தனிஸ்லாஸ்,
குத்தகைக்காரரின் இரவுக் காவலாள்.
இமைகள் மூடியிருந்தன.
பொழி அடைத்து அன்றைக்கு நாற்பத்தாறாம் நாள்.
மணல்மேட்டுக்கு அப்பால் கடலில்
காலா கூட்டமாய் வந்து முட்டுகிறது என்று
ஊரே பேசிக்கொண்டிருந்தது.
இப்பால் காயல் ஏறி ஏறிக்
கரையோர வீடுகளின் அடுப்புக்குள் வந்துவிட்டது.

குத்தகைக்காரர் மூன்று பெயர் கொடுத்தார்:
பொழியை வெட்டியே தீருவோம் என்று
கோயில் முற்றத்தில் சத்தம் போட்டவர்கள்.
மத்தியானத்துக்குள் மூவரும் ஸ்டேஷன் பெஞ்சில்.
எனக்கும் சரியென்றே பட்டது.

எஸ்.ஐ. பெனிலா குலசேகரத்துக்காரர்,
ரப்பர் தோட்டத்துப் பிள்ளை.
காலாவுக்கும் கட்டாவுக்கும் வித்தியாசம் தெரியாது.
ஆனால் செத்தவனின் கையை விரித்து
ரொம்ப நேரம் பார்த்தார்.
“துடுப்புக் காய்ப்பு விரலடியில, பழசு.
இந்தக் கொப்புளம் பெருவிரல் கவட்டுல, புதுசு.
எதப் பிடிச்சா இங்க பொங்கும், ரைட்டர்?”
மண்வெட்டி, என்றேன்.
“எங்க அது?”

நகக்கண்ணில் காயல் சேறு இல்லை.
பொழிமேட்டின் சிவந்த பருமணல்.
மூக்கிலும் அதே மணல்.
குதிகாலில் மட்டும் தோல் உரிந்திருந்தது.

மேட்டில் பாதி வெட்டிய சால்,
அதன்மேல் சரிந்த சுவர்,
சுவரைக் கையால் தோண்டிய பள்ளம்.
அங்கிருந்து காயல்வரை
குதிகால் இழுத்த இரண்டு கோடுகள்.
இருநூற்றுப் பத்து எட்டு, எழுதிக்கொண்டேன்.
நடுவில் மூன்று இடங்களில் கோடு நின்றிருந்தது.
மூன்றிலும் ஈர மணலில்
தலையகலத்துக்குத் துணியின் நெசவு பதிந்திருந்தது.

“இழுத்தவங்க மூணு தடவ இளைப்பாறியிருக்காங்க,”
மேடம் குந்தியபடியே சொன்னார்.
“மூணு தடவையும்
தலைய வெறும் மண்ணுல வைக்கல.”

அதற்குப் பிறகு ஜீப்பில் ஒன்றும் பேசவில்லை.

ஆக்னஸ்மேரியின் வீட்டில்
கட்டில் நான்கு செங்கல்மேல் நின்றது.
கீழே காயல்.
கொடியில் ஒரு துவர்த்து, கரையில் சிவப்பு மணல்.
கதவோரம் மண்வெட்டி,
கழுவித் துடைத்து எண்ணெய் பூசி.
இந்த ஊரில் மண்வெட்டிக்கு
யாரும் எண்ணெய் பூசி நான் பார்த்ததில்லை.
மேடம் தண்ணீர் கேட்டுக் குடித்தார்.
மண்வெட்டியை நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

காவலில் செத்தால் குத்தகைக்காரர் பணம் தரவேண்டும்.
காவல் காத்ததையே வெட்டப்போய்ச் செத்தால்?

“காவலுல நின்னாருன்னு எளுதுவியளா?”
அவள் கேட்டது அவ்வளவுதான்.
விரல்நுனிகள் பத்தும் தேய்ந்து சிவந்திருந்தன.

டம்ளரைக் கொடுத்துவிட்டு மேடம் வெளியே வந்தார்.
அன்றிரவே மூவரையும் போகச் சொன்னார்.
ஒருவன் செருப்பை மறந்துவிட்டு ஓடினான்.

விடியுமுன் மலைப்பக்கம் மழை.
பழையாறு சிவந்து இறங்கிற்று.
தனிஸ்லாஸ் வெட்டிய சால் வழியே
பொழி தானாக முறிந்தது.
பாலத்தில் நின்று ஊரோடு நானும் பார்த்தேன்,
தண்ணீரை எதிர்த்து உள்ளே ஏறிய காலாக்களை.
ஓர் உவமை வந்தது.
எழுதவில்லை.

காரணம்: மணல் சரிந்து மூச்சடைப்பு.
பிறர் தொடர்பு: இல்லை.
சம்பவ இடம் என்ற கட்டத்தில்
பேனா நின்றுவிட்டது.
பொழிமேடு என்றால் அவளுக்குப் பணம் இல்லை.
காயல் என்றால் பொய்.

மேடம் ஜன்னலைப் பார்த்தபடி கேட்டார்:
“இப்ப அந்த எடத்துல என்ன இருக்கு?”

கடல், மேடம்.

“அதையே எழுதுங்க.”