செம்மறி

புனித வெள்ளி. புளியந்தோப்பு.
கரண்ட் போய் விசிறிகள் நின்ற கோயிலில்
ஐம்பத்துமூன்றாம் அதிகாரம் என் முறை.
வாய் திறவாத ஆட்டின் வரிக்கு வந்தபோது
கடைசி பெஞ்சில் மாசிலாமணி
ஆமாம் என்பதுபோல் தலையசைத்தார்.
ஆடுதொட்டியில் இருபத்தாறு வருஷம் அவருக்கு.

கஞ்சி வரிசையில் கேட்டேன்.

"வெள்ளாடு ஊரையே கூட்டும் சார்,
இழுக்கும்போதே அலறும்.
செம்மறி அப்படியில்ல.
கத்தி தெரியும். கத்தாது.
பிடிச்சவன் மூஞ்சியையே பாக்கும்."

கோபமாகவா?

"கோபமா பாத்தா வேலை சுளுவாச்சே."

நான் படித்தவன்; சொல்லிவைத்தேன்:
சிலுவைக்குப் பல நூறு வருஷம் முந்தைய எழுத்து அது,
சிறைப்பட்டுப் போன ஜனத்தைத்தான் சொல்கிறதென்று
வாதாடுகிறவர்களும் உண்டு.

மாங்காய்த் துண்டைக் கஞ்சியில் முக்கினார்.

"இருக்கலாம். வருஷக் கணக்கு நமக்கு வராது.
ஆனா எழுதின மனுஷன்
ஒரு தடவையாவது ஆட்டைப் பிடிச்சிருக்கான்.
இல்லன்னா
தப்பு நம்ம மேலதான்னு
அதே பக்கத்துல எழுதியிருக்க மாட்டான்."

நாளை ராத்திரி இருநூறு உருப்படி, ஈஸ்டருக்கு.
முடித்துவிட்டு விடியல் ஆராதனைக்கு
நேரே வந்துவிடுவாராம்.
கை கழுவ
கோயில் குழாயில் தண்ணீர் வருமா
என்று மட்டும் கேட்டார்.