இடது முன்னங்கால்

ரிஃபா லாயத்தில் அதிகாலை மூன்றரை.
நஜ்வாவின் முன்னங்கால்களைப்
புறங்கையால் தடவுகிறேன்.
வலது, ஜனவரிக் குழாய்த் தண்ணீர்.
இடது,
யாரோ குடிக்க மறந்த கரக் டீ.
அவ்வளவுதான் சூடு.

நொண்டவில்லை. தீனித்தொட்டி காலி.
வெள்ளிக்கிழமை ஓட்டம்;
முதலாளியின் மச்சான் குவைத்திலிருந்து வருகிறார்.
இருந்தாலும்
டாக்டர் ஹுதாவுக்குப் போன் போட்டேன்.

ஸ்கேனில், தசைநாண் நடுவே
எள்ளளவு கருப்பு.
"ஓடியிருந்தால் வளைவில் அறுந்திருக்கும்" என்றார்,
ஜெல்லைத் துடைத்துக்கொண்டே.
நாலு மாதம் ஓட்டமில்லை. நடை மட்டும்.

மச்சானுக்கு வேறு குதிரை காட்டினார்கள்.
முதலாளி என் ஸலாமுக்குத்
தலையை மட்டும் அசைத்தார்,
அதுவும் பாதி.

இப்போது ஐஸ் வாளியில் அவள் கால்.
மிஞ்சிய ஐஸில் என் கட்டைவிரல்,
போன வாரம் அவள் மிதித்தது.
இதற்கு ஸ்கேன் யாரும் கேட்கவில்லை,
நானும்.