எட்டு அசை

வாயில் நுழையாத பெயர் என்று
எழுதிக் கொடுத்த டாக்டரே சிரித்தார்.
நர்ஸ் மேவிஸுக்கு அது வெறும் 'அந்த எக்ஸ்ரே'.
வரவேற்பு மேசைப் பெண் பாதி படித்தாள்,
மீதியை இருமலோடு விழுங்கினாள்.
ஹடர்ஸ்ஃபீல்டு பஸ்ஸின் மேல்தளத்தில்
கடிதத்தை முழங்காலில் விரித்து
நானே சொல்லிப் பார்த்தேன்: ஹிஸ்டெரோ…
முன்சீட்டுக்காரர் திரும்பினார்.

கிளைவ் அதை வாங்கிப் பென்சிலால் கோடு போட்டான்.
மில் பேண்டுக்குப் புது உருப்படி வந்தால்
மூச்சு எடுக்கும் இடங்களைக் குறிப்பானே, அதே மாதிரி.
ஹிஸ் / டெ / ரோ / சால் /
பிங் / காக் / ர / ஃபி.
"எட்டு. நாலும் நாலும்.
அழுத்தம் 'காக்'கில் விழணும்,
மற்றதெல்லாம் அதை நோக்கி ஓடி வரணும்."
கார்னெட்டின் பொத்தான்களை அழுத்தும் மூன்று விரல்கள்
சாப்பாட்டு மேசையைத் தட்டின.
உப்பு டப்பா குதித்தது.
ஐந்தாவது தடவை பிசகில்லாமல் சொன்னேன்.

நூலகத்தில் கிரேக்க அகராதியை
இரவல் தரமாட்டார்கள். நின்றபடியே படித்தேன்.
ஹிஸ்டெரா, கருப்பை.
கிராஃபோ, எழுதுகிறேன்.
நடுவில் சால்பின்க்ஸ்:
ஊதுகொம்பு, போர்க்களத்தில் ஊதுவது.
என்றோ எவளையோ அறுத்துப் பார்த்த ஒருவன்
உள்ளே இரண்டு எக்காளங்களைக் கண்டிருக்கிறான்.
வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.
ஆறு வருஷமாய் ஒரே வீட்டில்
மூன்று கொம்புகள்,
ஒன்றுதான் ஊதிக்கொண்டிருந்தது.

கிளைவ் சிரிக்கவில்லை.
கார்னெட்டின் வளைகுழாயைக் கழற்றி
அடுப்பங்கரைக் குழாயின் கீழே பிடித்தான்.
ஒரு முனையில் தண்ணீர்,
கொஞ்சம் பொறுத்து
மறுமுனையில்.
"இவ்வளவுதானே பார்க்கப் போகிறார்கள்?"

இவ்வளவுதான்.
செவ்வாய்க்கிழமை. மேசை ஜில்லென்றிருந்தது.
வலி, மேவிஸ் சொன்னதைவிட அதிகம்.
பல்லைக் கடித்து அசை அசையாய்ச் சொன்னேன்.
திரையில் இடப்பக்கம் மெல்லிய நூல் ஒன்று
நெளிந்து நெளிந்து போய்
நுனியில் புகை மாதிரி சிந்தியது.
வலப்பக்கம்
'பிங்'கிலேயே நின்றுவிட்டது.

வெளியே கிளைவ் ஒன்றும் கேட்கவில்லை.
தொப்பி விளிம்பில் மூன்று விரல்கள்
தட்டிக்கொண்டே இருந்தன.
"பாதி பேண்டு வந்திருக்கு" என்றேன்.
விரல்கள் நின்றன.
"பாதியை வைத்து நாங்கள்
கிறிஸ்துமஸே வாசித்திருக்கிறோம்" என்றான்,
மூக்கைத் துடைத்துக்கொண்டு.

வரவேற்பு மேசையில் அதே பெண்.
"மிஸஸ் ஹெப்வொர்த், இன்று என்ன சோதனை செய்தார்கள்?"
நிமிர்ந்து நின்றேன்.
எட்டு அசையும், ஒன்று குறையாமல்,
'காக்'கில் முழு அழுத்தமும் வைத்துச் சொன்னேன்.
வராந்தாவில் இரண்டு பேர் திரும்பினார்கள்.

அவள் பேனா மூடியைக் கடித்தாள்.
"எழுத்துக்கூட்டிச் சொல்லுங்களேன்."