எண்பத்தொரு சென்ரிமீற்றர்

கிரெய்க் மட்டக்கோலை வைத்தான்.
குமிழி இடப்பக்கம் ஓடிப்போய்
மூலையில் ஒதுங்கி நின்றது.
"நூற்றிருபது வருசத்து வீடு,
நேராய் நின்றால்தான் அதிசயம்"
என்றுவிட்டுத் தேநீர் கேட்டான்.
கேத்தில் குளியலறையில் இருந்தது.

ஏழு கிழமை.
உடுப்புத் தோய்க்கிற மெசினுக்கு மேல் சோற்றுக் குக்கர்.
மெசின் சுழலச் சுழல
மூடி தாளம் போட்டது.
குளிக்கிற தொட்டிக்குள் சட்டி கழுவினேன்.
பல்லுத் தீட்டப் போன மகன்
"அம்மா, பிரஷ்ஷில் கறிவேப்பிலை" என்று கத்தினான்.
தயாபரன் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை.
பாணுக்கு நடுவில் சம்பலை வைத்துத் தின்றுவிட்டு
இரவு வேலைக்குப் போனார்.

ஊரின் பெயரைக் கீத்லி என்று வாசிக்கவேண்டும்.
எழுத்தைப் பார்த்தால் அப்படி வராது.
வீடும் அந்த மாதிரித்தான்:
தெருப்பக்கம் கல்லுக் கல்லாய் நிமிர்ந்து நிற்கும்,
பின்னால் குசினிச் சுவர்
வயிறு தள்ளி நிற்கும்.
சுவர்த்தாளை உரித்தோம்.
மண்ணிறப் பூ.
அதன் கீழ் செம்மஞ்சள் வட்டங்கள்.
அதற்கும் கீழ்
ஒருவருக்கும் பிடித்திராத ஒரு பச்சை.
பிறகு ஈரம்.
ஈரத்துக்கு மட்டும் ஆயிரத்து எண்ணூறு பவுண்.
அந்தரத்துக்குக் கழிவு கூறி
இரண்டாம் சீட்டை எடுத்தேன்.

ஆறு வருசமாய் அந்தப் பழைய பலகை
என்னை அளந்து செய்தது போலிருந்தது.
நாலடி பத்தங்குலம் நான்.
இந்த நாட்டில்
கடையின் மேல்தட்டும்
பஸ்ஸில் பிடிக்கிற வளையமும்
வங்கிக்காரியின் கண்களும்
எனக்கு மேலேதான்.
இங்கே மட்டும்
முழங்கை மடிகிற இடத்தில் பலகை.
எனக்கு முன்னால்
ஒரு கட்டைப் பொம்பிளை இதில் நின்றிருக்கிறாள் என்று
வைத்துக்கொண்டேன்.
அவளோடு பேசியும் இருக்கிறேன்,
உப்புக் கூடிய நாட்களில்.

கிரெய்க் தலையை ஆட்டினான்.
"தொண்ணூற்றொன்று.
எல்லா அலுமாரியும் அந்த அளவில்தான் வரும்.
விற்கிறபோது யாராவது வாங்கவேண்டுமே."
நான் வட்டி கட்டுகிற வீட்டுக்கு
இனி வரப்போகிற ஒருத்தி
இப்போதே என்னிலும் உயரமாய்
வந்து நின்றாள்.

தூசுக்கு முறைப்பாடு சொல்ல வந்த
பக்கத்து வீட்டு மொறீன்
கழற்றிப் போட்ட பலகையைப் பார்த்து நின்றாள்.
"வால்ற்றருடையது" என்றாள்.
அந்த அம்மா கட்டையோ என்று கேட்டேன்.
"ஐரீனா? ஆறடி.
வாசலில் குனிந்துதான் வருவாள்.
பஸ்ஸில் ரிக்கற் கிழித்தாள்.
அவன்தான் சமையல்,
நூல் ஆலையில் இடுப்பு நொறுங்கின பிறகு,
கதிரையில் இருந்தபடி.
கால்களை அவனேதான் அரிந்தான்.
மேசையின் கால்களை" என்று
திருத்திச் சொல்லிவிட்டு
தூசு பற்றியும் மறக்காமல் சொன்னாள்.

அன்றிரவு
என் கட்டைப் பொம்பிளை ஆறடிக்கு வளர்ந்து
தொப்பி போட்டுக்கொண்டு
வேலைக்குப் போய்விட்டாள்.
கொஞ்சம் வெட்கமாயிருந்தது,
இல்லாத ஒருத்திக்கு
அத்தனை வீட்டுக்கதை சொல்லிவிட்டேனே என்று.
பிறகு சிரிப்பு வந்தது.
ஒரு ஆம்பிளை இருந்து சமைத்த இடத்தில்
ஆறு வருசம்
நான் நின்று சமைத்திருக்கிறேன்.

காலையில் கிரெய்க்கிடம் சொன்னேன்:
கோப்பை கழுவுகிற மெசின் பக்கம்
உன்னுடைய தொண்ணூற்றொன்று.
மற்றதெல்லாம் எண்பத்தொன்று.
யன்னலடியில் பலகைக்குக் கீழே
ஒன்றும் வேண்டாம், வெறுமையாய் விடு.
"அதற்குள் என்ன வரும்?"
முழங்கால், என்றேன்.
பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு
என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.
விற்கிற கதையை மறுபடி எடுக்கவில்லை.

பூச்சு மணம் போகாத முதல் ஞாயிறு
தயாபரனுக்குக் கதிரையை இழுத்துப் போட்டேன்.
கத்தியைக் கையில் கொடுத்தேன்.
"நிண்டால் நாரி பிடிக்குது எண்டுதானே
இருபது வருசமாச் சொல்லுறியள்."
கத்தியைப் பார்த்தார்.
பலகைக்குக் கீழே குனிந்து
தன் முழங்காலைப் பார்த்தார்.
சரியாய்ப் பொருந்தியிருந்தது.

முதல் வெங்காயத்தை நாலாய் வெட்டிவிட்டு
முடிந்தது என்று எழும்பப் பார்த்தார்.
இன்னும் சின்னனாய், என்றேன்.